நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை: ராமநாதபுரம் கடலோரத்தில் நாற்பது கடந்து ஓடுகிறவர்களுக்கு

ஜூலை மாதம் கீழக்கரையிலிருந்து ஏர்வாடிப் பக்கமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடினால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேர் முகத்தில் அடிக்கும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். போகையில் கிலோமீட்டருக்கு 6:40, வருகையில் 5:55 என்று கடிகாரம் காட்டினால், உடம்பு எந்தப் பாதியில் அதிகம் உழைத்தது என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. மே மாதத்தில் இதற்கு நேர் எதிரான சிக்கல் வரும். காற்று செத்துப்போன விடியற்காலை, வெளிச்சம் வருமுன்பே 27, 28 டிகிரி, உடம்பில் வழியும் வியர்வை காயவே காயாது. பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், அப்படியே நிற்க, இதயத்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். குளிர்ந்த ஊர்க்காரர் ஒருவர் போட்டுக் கொடுத்த அட்டவணையில் ‘6:15 பேஸில் 16 கிலோமீட்டர்’ என்று இருந்தால், அந்த 6:15 இந்தக் கரையில் ஜனவரியில் ஒரு பயிற்சி, மே மாதத்தில் முற்றிலும் வேறு பயிற்சி.

அதனால்தான், போட்டிக்குத் தயாராகும் நடுத்தர வயது ஓட்டக்காரர் இங்கே ஷூவுக்கு அடுத்தபடியாகக் காசு போடவேண்டிய பொருள் நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை என்கிறோம். நல்ல பட்டை ஒன்று, நல்ல ஓட்ட ஷூ ஒரு ஜோடிக்கு ஆகிற செலவை எட்டிப் பிடிக்கும். அந்தக் காசுக்கு அது ஈடு கொடுக்கும், ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். உப்பிலிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும். வயதை வைத்துக் கணக்கிடும் சூத்திரத்தைக் கடிகாரத்திலிருந்து தூக்கிவிட வேண்டும்.

கையில் கட்டும் கடிகாரமே துடிப்பைக் காட்டுகிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்பார்கள். கடிகாரம் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, ரத்தம் வந்து போகும்போது அந்த ஒளி கூடிக் குறைவதை எண்ணுகிறது. நெஞ்சுப் பட்டை இதயம் சுருங்கும்போது எழும் மின் அலையையே நேராகப் பிடிக்கிறது, ஈ.சி.ஜி. எடுக்கும் அதே அடிப்படையில். உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஒன்றையே சொல்லும். ஓடும்போது கை ஆடுகிறது, கடிகாரம் தளர்கிறது, அடியில் வியர்வை ஓடுகிறது. அப்போது கடிகாரம் பல நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் கால் வைப்பை எண்ணத் தொடங்கிவிடும். நிதானமாக ஓடுகிறவரின் கால் வைப்பு நிமிடத்துக்கு 165, 170. லேசாக ஓடும்போதே துடிப்பு 168 என்று கடிகாரம் அசையாமல் காட்டினால், பெரும்பாலும் அது உங்கள் காலைத்தான் எண்ணுகிறது. இருபது வயதுப் பையனுக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ஐம்பதை நெருங்குகிறவருக்கு 168 உச்சத்தை ஒட்டிய எண். நம்பினால் வீண் பயம், நம்பாமலே பழகிவிட்டால் உண்மையான எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போகும்.

நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணுவதும் ஒரு வழிதான். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும்போது ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் நான்கு தவறும். அதோடு, நின்ற கணத்திலிருந்தே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். பட்டை சொல்வது சரியா என்று சோதிக்க இது போதும், ஓட்டத்தை வழிநடத்தப் போதாது.

மாடல்களில் போலார் ஹெச்10-ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைத் துல்லியமாகத் தரும். ஒரே நேரத்தில் இரண்டு ப்ளூடூத் இணைப்பு, கூடவே கடிகாரத்தோடு இணைக்கும் இன்னொரு கம்பியில்லா முறையான ஆன்ட் பிளஸ் உண்டு. ஒரு பேட்டரிக்குச் சுமார் 400 மணி நேரம் என்பது நிறுவனக் கணக்கு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறவருக்கு ஒரு வருடம் தாண்டும். கார்மின் வகைப் பட்டைகளும் வேலையைச் சரியாகவே செய்கின்றன. மலிவான பட்டைகளில் துடிப்பை எண்ணும் தரம் இன்று மோசமில்லை, ஆனால் சிலவற்றில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ப்ளூடூத் இணைப்புதான் கிடைக்கும். போனில் இருக்கும் செயலி முந்திக்கொண்டு பட்டையைப் பிடித்துவிட்டால் கடிகாரத்துக்கு எதுவும் வராது. பட்டை கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும். போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். முதல் முறை கடிகாரத்தோடு இணைப்பதை வீட்டிலேயே தனியாகச் செய்யுங்கள். பத்துப் பேர் கூடி நிற்கும் இடத்தில் செய்தால் பக்கத்தில் நிற்பவரின் துடிப்பு உங்கள் கடிகாரத்தில் ஏறிவிடும்.

பேட்டரி விஷயத்தில் ஒரு சின்னக் கவனம் தேவை. ஹெச்10-க்குப் போடுவது 2025 என்று எண்ணிட்ட வட்டப் பேட்டரி, வேறு பல பட்டைகளுக்கு 2032. இரண்டும் 20 மில்லிமீட்டர் அகலம், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முதலாவது 2.5 மில்லிமீட்டர் தடிமன், இரண்டாவது 3.2. கடிகாரக் கடைகளில் 2032 சாதாரணமாகக் கிடைக்கும், 2025-ஐக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ‘இதுவும் அதே சைஸ்தான்’ என்று 2032-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள். அழுத்தி மூடினால் மூடியின் பல் உடையும், அதன் பிறகு உப்பு வியர்வை உள்ளே போவதற்கு வழி திறந்துவிடும். மூடிக்குள் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. அதில் ஒரு மணல்துகள் ஒட்டியிருந்தாலே மூடி சரியாக உட்காராது. கடற்கரையில் வைத்துப் பேட்டரி மாற்றாதீர்கள். வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வளையத்தைத் துடைத்துவிட்டு மாற்றுங்கள்.

கட்டும் விதத்தில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. பட்டையின் உள்பக்கம் இருக்கும் இரண்டு ரப்பர் அல்லது துணிப் பகுதிகள்தான் மின்முனைகள். அவை உலர்ந்திருந்தால் முதல் பத்து நிமிடம் எண்கள் தாறுமாறாக வரும். வியர்த்த பிறகு தானே சரியாகும். அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்க, கட்டுமுன் இரண்டு முனைகளையும் தண்ணீரால் நன்றாக நனையுங்கள், ஈரமாக்கினால் மட்டும் போதாது, சொட்ட வேண்டும். ஆண்கள் மார்புத் தசைக்குக் கீழே, நெஞ்செலும்பின் அடிநுனியை ஒட்டிக் கட்ட வேண்டும். பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டைக்குச் சற்றுக் கீழே கட்டலாம். இரண்டு பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தோல் உரியும். ஆழமாக மூச்சு இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும், மூச்சு தடைபடக்கூடாது. பட்டை நெஞ்சைப் பிடித்து இறுக்குவதுபோல் தெரிந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். குதித்தால் இறங்குகிறது என்றால் கொஞ்சம் இறுக்குங்கள்.

நீண்ட ஓட்டத்தில் தோல் உரியாமல் இருக்க இங்கே பலரும் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. முனை படும் இடத்தில் எண்ணெய் பட்டால் அன்றைய கணக்கு போயிற்று. முதுகுப் பக்கமும் பட்டையின் ஓரங்கள் உரசும் கோட்டிலும் மட்டும் தடவுங்கள். முதலில் பட்டையைக் கட்டிவிட்டு, பிறகு விரலால் ஓரத்தில் தடவுவதுதான் சரியான வரிசை.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் இன்னொரு கோளாறு வரும். 2.3 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அந்தப் பாலம் நடுவில் மேடாக உயர்கிறது. மேடே இல்லாத இந்தப் பக்கத்தில் ஏற்றப் பயிற்சிக்கு அதை விட்டால் வேறு இடமில்லை என்பதால் விடியலில் அங்கே ஓடுகிறவர்கள் உண்டு. தொளதொள பாலியஸ்டர் சட்டை காற்றில் படபடவென்று பட்டையின் மேல் அடித்தால், உடம்பு இன்னும் வியர்க்காத நேரத்தில் நிலைமின்சாரம் உண்டாகி, துடிப்பு திடீரென்று 200-ஐத் தாண்டிக் காட்டும். சட்டையைப் பட்டைக்கு மேல் ஒட்டி இழுத்துவிட்டு, முனைகளில் தண்ணீர் விட்டால் எண் இறங்கிவிடும். இறங்காமல், கூடவே படபடப்போ தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ இருந்தால் பட்டையைக் குறை சொல்லிக்கொண்டு ஓடக்கூடாது. அங்கேயே நில்லுங்கள். அன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். பல ஆண்டுகள் கடுமையாக நீண்ட தூரம் ஓடிய நடுத்தர வயது ஆண்களுக்கு இதயத் தாளம் தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சற்றுக் கூடுதலாகவே வருகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். பட்டை நோயைக் கண்டுபிடிக்கும் கருவியல்ல, ஆனால் மருத்துவரிடம் காட்டுவதற்கு நாளும் நேரமும் போட்ட பதிவு ஒன்று கையில் இருக்கும்.

இனி எண்கள். கடிகாரத்தை வாங்கியதும் வயதைக் கேட்கும், 220-லிருந்து அதைக் கழித்து உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொள்ளும். 48 வயதுக்கு 172. 2001-இல் தனாகாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரம் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 48 வயதுக்கு அது ஏறக்குறைய 174. நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே வரும். அறுபதில் முதலாவது 160 என்னும், இரண்டாவது 166 என்னும். இரண்டாவது முதியவர்களுக்குப் பொருத்தமானது, ஆனாலும் அதுவும் ஒரு கூட்டத்தின் சராசரிதான். ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்துத் துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சர்வ சாதாரணம். உண்மையில் 186 உச்சம் உள்ள 48 வயதுக்காரர் 172-ஐ நம்பினால், அவர் லேசாக ஓடும் ஓட்டத்தைக்கூட ‘கடினம்’ என்று கடிகாரம் கத்தும். 162 உச்சம் உள்ளவருக்கு, கடினமாக ஓடுவதையும் ‘மிதம்’ என்று ஆறுதல் சொல்லும். இரண்டாமவர்தான் அதிகம் ஆபத்தில் இருக்கிறார்.

உச்சத்தைத் தேடி ஓடுவதைவிட வாசலைக் கண்டுபிடிப்பது நடுத்தர வயதுக்குப் பாதுகாப்பு. ஒரு மணி நேரம் வரை தாங்கக்கூடிய கடினமான வேகத்தின் துடிப்பைத்தான் வாசல் என்கிறோம். ஈ.சி.ஜி., டிரெட்மில் சோதனை முடித்து மருத்துவர் சரி என்ற பிறகு, ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானம் போன்ற வட்டப் பாதையில் இதைச் செய்யலாம். 15 முதல் 20 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 30 நிமிடம், தனியாக, ஒரே சீராக எவ்வளவு கடினமாக ஓட முடியுமோ அவ்வளவு. பத்தாவது நிமிடத்தில், கணக்கைத் தனித்தனித் துண்டாகப் பிரிக்கும் கடிகாரத்தின் லாப் பொத்தானை அழுத்துங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் வாசல். முதல் மூன்று வட்டங்களில் வேகம் போட்டுவிட்டுப் பின்னால் செத்து ஓடினால் எண் பொய்யாகும், ஒரு வாரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். வாடை வீசும் டிசம்பர், ஜனவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை என இரண்டு முறை எடுத்து வையுங்கள்.

வாசல் 158 என்று வந்தால், லேசான ஓட்டமெல்லாம் 134-க்குக் கீழே, அல்லது அதிகம் போனால் 141 வரை. அதாவது வாசலில் 85-லிருந்து 89 சதவீதம் வரை. 142-லிருந்து 149 வரையிலான இடம் ஏமாற்றும் இடம். ஓடும்போது சுகமாகத்தான் இருக்கும், பேஸும் பார்க்க அழகாக இருக்கும், மறுநாள் காலில் ஈயம் கட்டியதுபோல் இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களின் பயிற்சி முன்னேறாமல் நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் எல்லா நாளும் இந்த இடத்தில் ஓடுவதுதான். பட்டையின் உண்மையான பயன் வேகத்தைக் கூட்டுவதில் இல்லை. லேசான நாளை லேசாகவே வைக்க அது மல்லுக்கட்டும். தங்கச்சிமடம் சாலையில் எதிரே வருகிறவர் என்ன நினைப்பாரோ என்று வேகம் கூட்டத் தோன்றும்போது, 141-இல் கடிகாரம் அதிர்ந்தால் நடக்கத் தொடங்குங்கள். மே மாதத்தில் லேசான ஓட்டத்தில் நடுநடுவே நடப்பது பயிற்சியின் பகுதிதான். 150-லிருந்து 156 வரை டெம்போ, அதாவது வாசலுக்குச் சற்றுக் கீழே சீராக ஓடும் கடின ஓட்டம், வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு 15 நிமிடத் துண்டாக. ஒரு கடின நாளுக்கும் அடுத்ததற்கும் இடையில் இந்த வயதில் இரண்டு முழு நாளாவது விடுங்கள்.

இன்டர்வெலில், அதாவது நடுவில் ஓய்வு விட்டு வேகமாக ஓடும் துண்டுகளில், பட்டையை நம்பி ஓடாதீர்கள். துடிப்பு உழைப்புக்குப் பின்னால்தான் வரும். 400 மீட்டர் ஓடி முடிக்கும்போதுதான் அது உண்மையை எட்டும். அங்கே பேஸையும் மூச்சையும் பாருங்கள். 1000 மீட்டர் துண்டுகளில் கடைசி 300 மீட்டரில் வரும் எண்ணுக்குப் பொருள் உண்டு. பட்டை அங்கே வேறு விதமாக உதவும். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு 120-க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். முதல் துண்டுக்குப் பின் 70 விநாடி, நான்காவதுக்குப் பின் 130 விநாடி என்றால் ஐந்தாவது வேண்டாம்.

நீண்ட ஓட்டத்துக்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை உள்ள 9.5 கிலோமீட்டர் சாலை நல்ல சோதனைக்கூடம். ஒரு பக்கம் பெண்கடல் என்கிற பாக் நீரிணைப் பக்கக் கடல், ஒரு பக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா, சாலை தட்டையானது, நிழல் என்பதே கிடையாது. போய்வர 19 கிலோமீட்டர், தண்ணீரைத் தோளில் சுமந்துதான் போக வேண்டும். காற்று அடங்கிய காலையில் ஒரே பேஸில் ஓடி, போன பாதியின் சராசரித் துடிப்பையும் வந்த பாதியினுடையதையும் ஒப்பிடுங்கள். 6:30 பேஸில் முதல் பாதி 138, இரண்டாம் பாதி 147 என்றால் ஆறரை சதவீத ஏற்றம். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்தத் தூரத்துக்கு உடம்பு தயார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏற்றத்துக்குக் காரணம் பல நேரம் வெயில். வியர்வையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, மிச்ச ரத்தத்திலும் ஒரு பகுதி உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு சுருங்குகிறது, அதை ஈடுகட்ட எண்ணிக்கை ஏறுகிறது. பயிற்சிக் குறைவா தண்ணீர்க் குறைவா என்று பிரித்தறிய ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. வெயில் காலத் தொடக்கத்தில் இந்த ஏற்றம் அதிகமாக இருக்கும், 10 முதல் 14 நாள் தொடர்ந்து வெயிலில் பழகினால் இறங்கும். அந்த இறக்கத்தைப் பட்டையில் நாள்வாரியாகப் பார்க்க முடிவது பெரிய தெம்பு.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். 125-இல் மூச்சிரைக்கலாம். பட்டைக்காக மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறதா என்று பார்த்து ஓடுவதே அவர்களுக்கு நம்பகமான வழி.

போட்டியில் பட்டையைக் கடிவாளமாக மட்டும் வையுங்கள். ஜனவரியில் சென்னை மாரத்தான் நாளில் அரை மாரத்தான் ஓடினால், வரிசையில் நிற்கும்போதே பதற்றத்தால் துடிப்பு ஏறியிருக்கும். வாசல் 158 உள்ளவர் முதல் ஐந்து கிலோமீட்டரில் 150-ஐத் தாண்டாமல், 15 வரை 154-க்குள், அதன் பிறகு பட்டையை மறந்துவிட்டு ஓடலாம். மாஸ்டர்ஸ் தடகளத்தில் 35-லிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். 49-லிருந்து 50-க்குப் போகிறவர் பிரிவு மாறும் முன் வாசலைப் புதிதாக ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

இந்தக் கரையில் பட்டையைக் கொல்வது உப்பு. வியர்வை உப்பும் கடல் காற்று உப்பும் சேர்ந்து, துடிப்பை எண்ணி அனுப்பும் சின்னக் கருவியைப் பட்டைத் துணியில் மாட்டும் உலோகப் பித்தான்களில் பச்சையாகப் பூத்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கருவியைப் பட்டையிலிருந்து கழற்றுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியபடியே விட்டால், ஈரத்தை உடம்பு என்று நினைத்துக் கருவி இரவு முழுக்க விழித்திருக்கும், பேட்டரி சில வாரத்தில் தீரும். கருவியின் பித்தானைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பட்டையை அலசும் தண்ணீரில்தான் பலர் தவறுகிறார்கள். மாவட்டத்தின் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் உப்பைக் கழுவி உப்பை ஏற்றியதாகும். குடிக்கப் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரிலிருந்து ஒரு செம்பு போதும். வாரம் ஒருமுறை மிதமான சோப்பு, வாசனைத் துணித்திரவம் வேண்டாம், அது முனையில் படலமாக ஒட்டும். முறுக்கிப் பிழியாதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள். நிழலில், நேராகக் கடல்காற்று படாத ஜன்னலோரத்தில் தொங்கவிடுங்கள்.

பித்தானில் பச்சை பிடித்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் லேசாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் போய்விடும். உப்புத்தாளால் சுரண்டினால் மேல்பூச்சு போய், அடுத்த முறை இன்னும் வேகமாகப் பூக்கும். நன்றாக நனைத்தும், புதுப் பேட்டரி போட்டும், ஓட்டத்தின் நடுவில் எண் அடிக்கடி அறுந்தால் போனது பட்டைத் துணிதான், கருவி அல்ல. துணியை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். வாங்குமுன் இரண்டு பித்தான்களுக்கு இடையிலான தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.